ராத்திரி திருடன் வந்தால் எதுவரை போகலாம்? – அனுபவப் பகிர்வு

தென்னந்தோப்பு, பொள்ளாச்சி:

கிணற்று மோட்டார் கேபிளை மறுபடியும் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செம்புக் கம்பிதான் குறி. வாய்க்கால் ஓரத்தில் மேல்தோலைக் கொளுத்திவிட்டுக் கம்பியை மட்டும் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். காலையில் போய்ப் பார்த்தால் கருகிய பிளாஸ்டிக் நாற்றமும் சாம்பலும்தான் மிச்சம். புது கேபிள் வாங்கி ஆள் பிடித்து மாட்டுவதற்குள் மரம் காய்கிறது. ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் ரசீது கிடைக்கிறது, கேபிள் கிடைப்பதில்லை. "கம்பி வேலிக்குக் கரண்ட் லைனைக் குடுத்துரு மாப்ள, ஒருத்தன் விழுந்தான்னா அப்புறம் எவனும் வரமாட்டான்" என்கிறார் பக்கத்துத் தோட்டத்து மாமா. திருடனை நேருக்கு நேர் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். என்ன செய்தீர்கள், அப்புறம் என்ன ஆனது?

ஆட்டுப்பட்டி, புதுக்கோட்டை:

எங்கள் பக்கம் ஆடு. இப்போது காரில் பின்சீட்டைக் கழற்றிவிட்டு வருகிறார்கள். நான் பார்த்தது பைக்கில் வந்த இரண்டு பேர். பட்டிக்கு வெளியே கட்டிலில் படுத்திருந்தேன், குட்டி கத்தியதில் விழிப்பு வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஒருத்தன் கிடாயை மடியில் அமுக்கி அதன் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருக்கிறான், இன்னொருத்தன் வண்டியை உதைத்துக்கொண்டே இருக்கிறான். ஸ்டார்ட் ஆகவில்லை. அரிவாளோடு போனேன். எட்டினால் வெட்டு விழும் தூரம். நான் போட்ட சத்தத்தில் கிடாயையும் வண்டியையும் போட்டுவிட்டுக் கருவக்காட்டுக்குள் ஓடினார்கள். மச்சினன் விரட்டப் பார்த்தான். "கிடாய் இங்கேதான நிக்குது, நீ எங்கே போறே?" என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். 2021 நவம்பரில் நவல்பட்டு ஸ்டேஷன் எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) ஒருவர் ஆடு திருடர்களை விரட்டிக்கொண்டு கீரனூர் பக்கம் வந்து வெட்டுப்பட்டு இறந்தாரே, அந்த ஞாபகம்தான். யூனிஃபாரம் போட்டவருக்கே அந்தக் கதி.

ஓய்வுபெற்ற ஏட்டு:

ஆட்டுக்காரரே, நிறுத்தியது சரி. கிடாயைப் போட்டுவிட்டு அவன் ஓடிய நிமிடத்தோடு உங்கள் உரிமையும் முடிந்தது. பொருள் கைக்குத் திரும்பிவிட்டால் திருட்டுக்கு எதிரான தற்காப்பு அங்கேயே தீர்ந்துவிடும், பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, இப்போதைய குற்றவியல் சட்டம்) 43-வது பிரிவு. அதன்பிறகு காட்டுக்குள் துரத்திப்போய் வெட்டினால் அதைத் தற்காப்பு என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பொருளைக் காக்க உயிரையே எடுக்கலாம் என்று சட்டம் விடுவது நாலே இடத்தில். முன்பு ஐ.பி.சி. (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) 103, 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ். 41. கொள்ளையடிக்க வந்தால். பொழுது சாய்ந்து விடிவதற்குள் பூட்டை உடைத்தோ சுவரேறியோ வீட்டுக்குள்ளோ பொருள் வைக்கும் கட்டடத்துக்குள்ளோ புகுந்தால். குடியிருக்கும் இடத்துக்கோ பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்கோ தீயோ வெடியோ வைத்தால். நாலாவது, திருட்டோ சேதமோ வீட்டுக்குள் அத்துமீறலோ நடக்கும்போது, தடுக்காவிட்டால் சாவோ கொடுங்காயமோ வரும் என்று நியாயமாகப் பயந்தால். வெறும் கேபிள் திருட்டுக்குத் தடுக்கலாம், பிடிக்கலாம், தேவையான அளவுக்கு அடிக்கக்கூடச் செய்யலாம். கொல்ல உரிமை இல்லை. மேலே சொன்ன நாலிலும் தேவைக்கு மேல் ஒரு அடி கூடாது என்பது 37-வது பிரிவு.

நான் வேலையில் இருந்தபோது ஒரு ஊரில், மோட்டார் ரூம் பூட்டை உடைத்தவனைப் பிடித்து வேப்பமரத்தில் கட்டி விடியவிடிய அடித்தார்கள். நாங்கள் போனபோது தண்ணீர் கேட்டான். ஜி.ஹெச். போய்ச் சேர்வதற்குள் போய்விட்டான். எங்களுக்கு போன் போட்ட தோட்டக்காரர்தான் ஏ1, அதாவது வழக்கில் முதல் குற்றவாளி. ராத்திரி பூட்டை உடைத்தான், ஆகவே எங்களுக்கு உரிமை உண்டு என்று அவர்கள் வக்கீல் வாதாடினார். பூட்டிய மோட்டார் ரூமும் பொருள் வைக்கும் கட்டடம்தான், அதுவரை அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கட்டிப்போட்ட ஆளிடமிருந்து என்ன தற்காப்பு? அந்தக் கயிறே அவர்களுக்கு எதிரான சாட்சியமாகிவிட்டது. 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையைத் தாராளமாகவே பார்த்தது. அப்போதும் பழிதீர்க்க இது இல்லை என்று சொல்லிவிட்டது. தற்காப்புதான் என்று காட்டும் பொறுப்பும் அடித்தவர் தலையில்தான் விழும், மறந்துவிடாதீர்கள்.

மக்காச்சோளம், தர்மபுரி:

தோப்புக்காரரே, மாமா பேச்சைக் கேட்காதீர்கள். எங்கள் ஊரில் பன்றிக்குப் போட்ட கரண்ட் கம்பியில் விழுந்தது, விடிகாலையில் மாடு தேடிப் போன ஒரு பெரியவர். கையில் தும்புக் கயிறு அப்படியே இருந்தது. கம்பி போட்டது அவருடைய பங்காளி. அவர் கைதாகி ஜாமீனில் வந்தார், இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சு கிடையாது. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் மூன்று யானைகள் செத்ததும் இப்படிப்பட்ட வேலியில்தான். தற்காப்பு என்று சொல்ல நீங்கள் அந்த இடத்தில் நின்று பயந்திருக்க வேண்டும். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் எதைப் பார்த்துப் பயந்தார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? முறையாகப் போட்ட சோலார் வேலி வேறு. விட்டுவிட்டு ஷாக் அடிக்கும், ஆளைத் தள்ளிவிடும், கொல்லாது.

தென்காசி அக்கா:

கடையம் பக்கத்தில் 2019 ஆகஸ்டில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். முகமூடியும் அரிவாளுமாக வந்தவர்களை வயதான தம்பதி பிளாஸ்டிக் நாற்காலியாலும் செருப்பாலும் அடித்து விரட்டினார்கள், அரசு விருதும் கொடுத்தது. ஏட்டையா, அந்த அம்மா கையில் அன்றைக்கு அரிவாள் இருந்து வெட்டியிருந்தால்?

ஓய்வுபெற்ற ஏட்டு:

புருஷன் கழுத்தைத் துணி போட்டு இறுக்கினார்கள்மா, வீடியோவில் பார்த்தோமே. ராத்திரி, கொள்ளை, உயிர்ப் பயம் மூன்றும் அங்கே இருந்தன. வெட்டியிருந்தால் எஃப்.ஐ.ஆர். விழும், விசாரணை நடக்கும், அலைச்சலும் உண்டு. ஆனால் சட்டம் அந்த அம்மா பக்கம் நின்றிருக்கும். அவர்கள் ஓடிய பிறகு தெருவில் துரத்தி வெட்டினால் அது வேற கேஸ்.

தென்னந்தோப்பு, பொள்ளாச்சி:

சரிங்க, லைன் வேலி கிடையாது, மாமாவிடமும் சொல்லிவிட்டேன். அலுமினியக் கேபிள் போட்டால் திருடர்கள் தொடுவதில்லை என்கிறார்களே, 7.5 எச்.பி. மோட்டாருக்குத் தாங்குமா? போட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.