புதுப்பிப்பு: தமிழ்த் தலைப்பு ஏன் பாதியில் வெட்டுப்படுகிறது?

வீடியோ தலைப்பின் முதல் பாதியிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு அதோடு இன்னொன்றும் தெரிய வேண்டும்.

யூடியூப் தலைப்பின் உச்ச வரம்பு 100 எழுத்துக்குறிகள். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும் (‘யோ’வில் வருவதுபோல் இருபுறமும் நிற்கும் குறி மட்டும் ஒன்றாகவே கணக்காகும்). ‘வீடியோ’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணக்கில் ஆறு. அதனால் வரம்பு சட்டென்று நிரம்பும். போனிலோ அதற்கும் முன்பே வெட்டுப்படும்.

‘சைக்கிள் பராமரிப்புக் குறிப்புகள் - பகுதி 3’ என்றால் யாரும் தொடமாட்டார்கள். ‘கியர் மாற்றும்போது செயின் கழல்கிறதா? இந்தத் திருகைப் பாருங்கள்’ என்றால், அந்தத் தொல்லை உள்ளவர் கட்டாயம் நிற்பார். பகுதி எண் கடைசிக்குப் போகட்டும். முகப்புப் படத்தில் (தலைப்போடு தெரியும் தம்ப்நெயில்) அதே வாசகத்தைத் திரும்ப எழுதாதீர்கள், திருகைக் காட்டுங்கள். வலது கீழ்மூலையில் வீடியோ நேரம் வந்து மறைக்கும், அங்கே எதையும் வைக்க வேண்டாம்.

தலைப்பை மாற்றியபின் கிளிக் விகிதத்தை (வீடியோ கண்ணில் பட்ட தடவைகளில் எத்தனை சதவீதம் அதைத் தொட்டார்கள் என்பதை) மட்டும் பார்த்து மகிழக் கூடாது. அது ஏறி, சராசரிப் பார்வை நேரம் இறங்கினால், பெரும்பாலும் தலைப்பு சொன்னது வீடியோவில் இல்லை, அல்லது தாமதமாக வருகிறது. முதல் 30 விநாடிக்குள் அந்தத் திருகு திரையில் தெரிய வேண்டும்.