காலனிகள் மாநிலங்களானது எந்த நாளில்? பிரதிநிதிகளுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

கேள்வி: கோபி வாசகி

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற வாரம் அமெரிக்க விடுதலைப் பாடத்தில் ஒரு மாணவி எழுந்து, “13 காலனிகளும் எந்த நாளில் மாநிலங்களாயின?” என்று கேட்டாள். 1776 ஜூலை 4 என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே நிறைவாக இல்லை. அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்டது 1787இல் என்றால், இடையில் இருந்த 11 ஆண்டுகளில் அவை என்னவாக இருந்தன? பிலடெல்பியாவுக்குப் போன பிரதிநிதிகளுக்கு, தங்கள் காலனியை மன்னரிடமிருந்து பிரிக்கும் அதிகாரத்தை யார் கொடுத்தார்கள்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால், வகுப்பில் திருத்திச் சொல்லிவிடுவேன்.

மறுமொழி: பெருந்துறை ஓய்வாசிரியர்

நல்ல கேள்வி அம்மணி. உங்கள் இரண்டாம் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் முதல் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

1774 செப்டம்பர் 5 அன்று பிலடெல்பியாவில் தச்சர்கள் சங்க மண்டபத்தில் கூடிய, காலனிகளின் பிரதிநிதிகள் அடங்கிய முதல் பேரவைக்கு (கான்டினென்டல் காங்கிரஸ்) 12 காலனிகளே ஆள் அனுப்பின, ஜார்ஜியா அனுப்பவில்லை. வர்ஜீனியா போன்ற இடங்களில் ஆளுநர் சட்டமன்றத்தைக் கலைத்துவிட்டதால், உறுப்பினர்கள் வேறிடத்தில் தாங்களே மாநாடு கூடிப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மன்னரின் சட்டப்படி அந்த மாநாடுகள் செல்லாதவை. அனுப்பிய மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதைத் தவிர அவற்றுக்கு வேறு பலம் இல்லை. எத்தனை பேர் வந்திருந்தாலும், சிறிய காலனியோ பெரிய காலனியோ, ஒரு காலனிக்கு ஒரு வாக்கு.

என் தகப்பனார் கீழ்பவானி வாய்க்காலின் ஒரு பகுதி விவசாயிகள் சார்பில் தண்ணீர் முறை பற்றிப் பேச ஈரோட்டுக்குப் போவார். ஆயக்கட்டுக்காரர்களின் கையெழுத்தும், ஊதா மையில் பெருவிரல் ரேகைகளும் பதிந்த தாள் ஒன்று சட்டைப் பையில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதில் இல்லாத ஒன்றை அதிகாரி கேட்டால், “ஊர்ல கேட்டுட்டு வந்து சொல்றனுங்க” என்று நிறுத்திக்கொள்வார். தமக்குச் சரியென்று பட்டதைக்கூடச் சொல்லமாட்டார். பிலடெல்பியாவில் உட்கார்ந்திருந்தவர்களும் அப்படித்தான், தங்கள் மாகாண மாநாடு எழுதிக் கொடுத்த அறிவுறுத்தலுக்குக் கட்டுப்பட்டவர்கள். 1776 ஜூன் 7 அன்று வர்ஜீனியாவின் பிரதிநிதி ரிச்சர்ட் ஹென்றி லீ விடுதலைத் தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது, அதைத் தம் விருப்பப்படி கொண்டுவரவில்லை. வர்ஜீனியா மாநாடு மே 15 அன்றே அவ்வாறு பணித்திருந்தது. வேறு பல காலனிகளிலிருந்து உத்தரவு வந்து சேராததால் வாக்கெடுப்பு ஜூலை 1க்குத் தள்ளிப்போனது. அன்றும் ஒன்பது காலனிகளே ஆதரித்தன. பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் எதிர்த்தன. டெலவேரின் மூவரில் மெக்கீன் ஆதரவு, ரீட் எதிர்ப்பு. மூன்றாமவரான சீசர் ராட்னி ஊரில் இருந்தார். செய்தி கிடைத்ததும் அவர் இடியிலும் மழையிலும் இரவெல்லாம் ஏறத்தாழ 80 மைல் பயணம் செய்து, ஜூலை 2 அன்று வந்து சேர்ந்து ஆதரவாக வாக்களித்தார். பென்சில்வேனியாவின் டிக்கின்சனும் மாரிசும் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கினார்கள். தென் கரோலினா நிலை மாறியது. 12 வாக்குகளும் ஆதரவாயின. நியூயார்க் பிரதிநிதிகள் மட்டும் அப்போதும் பேசாமல் இருந்தார்கள். மனம் இல்லாததால் அன்று, ஊரிலிருந்து உத்தரவு வராததால். அவர்கள் மாகாண மாநாடு ஜூலை 9 அன்றுதான் ஒப்புதல் தந்தது. இந்த இடத்தைப் பிள்ளைகளுக்கு நிதானமாகச் சொல்லுங்கள். பலரும் ராட்னியின் பயணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நியூயார்க்காரர்களின் மௌனம்தான் என் மனத்தில் அதிகம் நிற்கிறது.

ஆகவே ஒரே நாள் என்று எதையும் சொல்ல இயலாது. மே மாதத்திலேயே பேரவை, காலனிகள் தத்தமக்குரிய அரசாங்கத்தை அமைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்துவிட்டது. நியூ ஹாம்ப்ஷயர் அதற்கும் முன்னே, ஜனவரியிலேயே தனக்கென ஒரு அமைப்புச் சட்டம் எழுதிக்கொண்டது.

மறுமொழி: பல்லடம் வாசகர்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரோட் ஐலண்ட் 1776 மே 4 அன்றே மன்னருக்கான விசுவாசத்தைக் கைவிட்டது. ஆனால் புதிய அமைப்புச் சட்டம் எழுதாமல், மன்னர் தந்த பழைய பட்டயத்தையே 1840களின் தொடக்கம் வரை வைத்துக்கொண்டது. கனெக்டிகட்டும் 1818 வரை அவ்வாறே. “பிரிந்தவுடன் எல்லாம் புதிதாயிற்று” என்று எழுதினால் தவறாகிவிடும்.

கோபி வாசகி

மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. அந்த 11 ஆண்டுகளைப் பற்றி மட்டும் இன்னும் சற்று விளக்க முடியுமா?

மறுமொழி: பெருந்துறை ஓய்வாசிரியர்

அப்போது அவை ஏறத்தாழத் தனி நாடுகள் அம்மணி. 1777 நவம்பரில் பேரவை ஏற்ற கூட்டமைப்பு விதிகள் (மாநிலங்களை ஒன்றிணைக்கும் ஒப்பந்தம்), 13 மாநிலங்களும் ஒப்பினால்தான் நடைமுறைக்கு வரும் என்று இருந்தது. மேற்கே எல்லையற்ற நிலத்துக்கு வர்ஜீனியா போன்றவை உரிமை கோரியதால் மேரிலாந்து கையெழுத்திட மறுத்து, 1781 மார்ச் 1 வரை இழுத்துவிட்டது. வரி விதிக்கும் அதிகாரம் நடுவணுக்கு இல்லை. அந்தப் பாடத்தால்தான் 1787இல் அரசமைப்புச் சட்டம் எழுதிய மாநாட்டில், ஒன்பது மாநிலங்கள் ஒப்பினால் போதும் என்று விதி செய்தார்கள். ரோட் ஐலண்ட் அந்த மாநாட்டுக்கு ஆளே அனுப்பவில்லை; 1790 மே 29 அன்று அது சேர்ந்தபோது வாஷிங்டன் குடியரசுத் தலைவராகி ஓராண்டு கடந்திருந்தது.

மறுமொழி: சத்தியமங்கலம் வழக்கறிஞர்

நம் நாட்டோடு ஒப்பிட்டுக் காட்டினால் மாணவர்களுக்கு இன்னும் தெளிவாகும் என்று நினைக்கிறேன். நம் அரசியல் நிர்ணய சபைக்கு மாகாணங்களின் சட்டமன்றங்கள் ஏறத்தாழ 10 லட்சம் மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தன. கோவையின் டி. ஏ. ராமலிங்கம் செட்டியாரும் பொள்ளாச்சிப் பகுதியின் சி. சுப்பிரமணியமும் அதில் இருந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கு என்பதால் மாகாணத்துக்கு ஒரே வாக்கு என்ற பேச்சு இங்கு எழவில்லை. அமெரிக்காவில் மாநிலங்கள் முன்னே பிறந்து ஒன்றியத்தைப் பெற்றதால், ஒரு மாநிலத்தின் நிலத்தில் புதிய மாநிலம் அமைக்க அந்த மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். நம் அரசமைப்பின் 3ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும். அப்படித்தான் 1956 நவம்பர் 1 அன்று, சென்னை மாநிலத்தில் இருந்த கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்குப் போனது. எங்கள் வீட்டுப் பழைய கிரயப் பத்திரம் ஒன்றில் “கோயமுத்தூர் ஜில்லா கொள்ளேகால் தாலுகா” என்று எழுதியிருப்பதை இன்றும் எடுத்துப் பார்ப்பேன்.