புதுக் காவலர்களுக்குப் பெரியவர்கள் பாடம் சொல்லலாமா?

ஆற்றங்கரை_வாத்தியார்:
எங்கள் ஊரில் ஒரு யோசனை ஓடுகிறது. ஓய்வு பெற்ற டி.எஸ்.பி. ஒருவர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியனான நான், ஜமாத்தில் ஒருவர், சர்ச் கமிட்டியில் ஒருவர், வியாபாரிகள் சங்கத்தில் ஒருவர். பயிற்சி முடித்து எங்கள் ஸ்டேஷனுக்கு வரும் இளம் காவலர்களோடு மாதம் ஒரு ஞாயிறு உட்கார்ந்து பேசுவது என்று திட்டம். எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் ஆகாது, கோயில் கொடை சமயத்தில் எங்கே கூட்டம் முட்டும், குடித்துவிட்டு வந்து நிற்பவனிடம் எப்படிப் பேசுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுக்கலாம். டி.எஸ்.பி. தன் சர்வீஸ் அனுபவத்தைச் சொல்வார், நாங்கள் ஊரைச் சொல்வோம். எஸ்.பி. ஆபீசில் மனு கொடுப்பதற்கு முன்னால் இங்கே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. என் மகள் "வேண்டாத வேலை" என்கிறாள். காரணம் கேட்டால் "சாத்தான்குளம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஓய்வு_எஸ்எஸ்ஐ:
நல்ல யோசனை சார். நான் 1986இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தேன். பி.ஆர்.எஸ். என்ற காவலர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் பரேடு. வேலை என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்தது, ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் ஏட்டையா. புகார் கொடுக்க வந்தவரை முதலில் உட்கார வை, தண்ணீர் கொடு, அப்புறம் பேனாவை எடு என்பார். அழுதுகொண்டே சொல்வதை எழுதாதே, அழுது முடித்தபின் சொல்வதை எழுது என்பார். தூக்கில் தொங்குபவரை இறக்கும்போது முடிச்சை அவிழ்க்கக் கூடாது, கயிற்றை வேறு இடத்தில் அறுக்க வேண்டும் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு எஸ்.ஐ.) ஆனபின் நானும் என்னிடம் வந்த பையன்களுக்கு இதையெல்லாம் சொன்னேன். காவல்துறையே இப்படிக் கைமாறி வந்த வித்தைதான். அதை வெளியிலிருந்து குறை சொல்வது சுலபம்.

கறுப்புக்கோட்டு:
வாத்தியார் சார், உங்கள் மகள் பக்கம் நான். பொதுமக்களைக் காவல்துறையோடு சேர்த்து உட்கார வைப்பது தமிழ்நாட்டில் ஏற்கெனவே நடந்த சோதனை. 1993இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' தொடங்கினார். (1991இல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் காயம்பட்டுப் பிழைத்த அதிகாரி. அன்று கறை படிந்த தொப்பியை நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி, 2021இல் பணி ஓய்வு அணிவகுப்புக்கு அணிந்துகொண்டார்.) அவருடைய நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. மக்கள் பயமில்லாமல் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்பதுதான் அது. பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது.

27 வருடம் கழித்து என்ன ஆயிற்று? 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்று செல்போன் கடைக்கார அப்பாவையும் மகனையும் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். கோவில்பட்டி கிளைச் சிறையில் ரிமாண்ட். 22ஆம் தேதி இரவு பென்னிக்ஸ் இறந்தார், 23ஆம் தேதி அதிகாலை அவர் அப்பா ஜெயராஜ். 19ஆம் தேதி இரவு இருவரையும் அடித்தபோது ஸ்டேஷனில் ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் தன்னார்வலர்களும் இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு வந்தது. அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்று அமைப்பு மறுத்தது. ஜூலையில் அரசு ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸுக்குத் தடை போட்டது.

நட்பு என்று போனவர்கள் ஸ்டேஷனை மாற்றவில்லை. ஸ்டேஷன்தான் அவர்களை மாற்றியது. உங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கும் இதே கதிதான் வரும்.

ஓய்வு_எஸ்எஸ்ஐ:
மேடம், ஒரு ஸ்டேஷனை வைத்து எல்லா ஸ்டேஷனையும் அளக்காதீர்கள். அதே சாத்தான்குளத்தில் மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னது யார்? ஒரு பெண் தலைமைக் காவலர். ஏட்டு! அவரும் அனுபவஸ்தர்தான்.

கறுப்புக்கோட்டு:
அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் அவர் பயந்து பயந்து சாட்சி சொன்னதாக மாஜிஸ்திரேட்டே உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அவருக்குப் பாதுகாப்பு கொடுக்கச் சொல்லி மதுரைக் கிளை உத்தரவு போட வேண்டியிருந்தது. ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் விடும்படி ஆயிற்று. யாரிடமிருந்து பாதுகாப்பு என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

டல்லாஸ்_முருகேசன்:
இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. சாத்தான்குளத்துக்கு ஒரு மாதம் முன்பு, 2020 மே 25, மினியாபொலிஸ். ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்த டெரக் சாவின் வெறும் மூத்த போலீஸ்காரர் இல்லை. அங்கே ஃபீல்டு டிரெயினிங் ஆபீசர் என்று ஒரு பொறுப்பு உண்டு. அகாடமியிலிருந்து வரும் புதியவரைக் கூடவே ரோந்துக்கு அழைத்துப்போய் வேலை பழக்குபவர். சாவின் அந்தப் பொறுப்பில் இருந்தவர். அன்று ஃபிளாய்டின் முதுகை அழுத்தியிருந்த அலெக்சாண்டர் குயெங், சாவினிடமே பழகியவர். வேலைக்கு வந்து மூன்றாவது ஷிஃப்ட். காலைப் பிடித்திருந்த தாமஸ் லேனுக்கு நாலாவது நாள்.

லேன் இரண்டு தடவை கேட்டார், ஆளை ஒருக்களித்துப் படுக்க வைக்கலாமா என்று. வேண்டாம் என்றார் மூத்தவர். அதோடு விட்டுவிட்டார். கடைசியில் சாவினுக்கு இருபத்திரண்டரை வருடம், இந்த இரண்டு பேருக்கும் சிறை. அவர்களுக்கு அகாடமியில் சட்டம் சொல்லித்தந்திருந்தார்கள், பக்கத்தில் 19 வருட அனுபவமும் இருந்தது. ஏட்டையா கைமாற்றும் வித்தை என்கிறாரே பெரியவர், அதில் முழங்காலும் சேர்ந்துதான் கைமாறுகிறது.

ஓய்வு_எஸ்எஸ்ஐ:
தம்பி, டல்லாஸில் உட்கார்ந்துகொண்டு எழுதலாம். இங்கே ஒரு காவலர் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்தால் மறுநாள் ஏ.ஆர்.க்கு, அதாவது ஆயுதப்படைக்கு, மாற்றல். மூன்று மாதம் லீவு கிடைக்காது. மனைவி பிரசவத்துக்கே அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

டல்லாஸ்_முருகேசன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன் ஐயா. நியூ ஆர்லியன்ஸ் போலீஸ் 2016இல் ஒரு பயிற்சி தொடங்கியது. நல்லவனாக இரு என்று போதிப்பது இல்லை. மூத்தவர் எல்லை மீறும்போது இளையவர் எப்படிக் குறுக்கே போவது, என்ன வார்த்தை சொல்வது, தோளில் எப்படிக் கை வைப்பது என்று நாடகம் போல நடித்துப் பழகுகிறார்கள். அதற்கு மேல், குறுக்கிட்டால் தப்பில்லை என்று மேலதிகாரியும் அதே வகுப்பில் உட்கார்ந்து கேட்கிறார். நம் பக்கம் பெரியவர் பேசுவார், சின்னவர் தலையாட்டுவார். வாத்தியாரின் ஞாயிறு வகுப்பும் அதேதானே?

மதுரை_மல்லி:
எனக்கு வேறு கேள்வி. வாத்தியார் சார் போட்ட பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. சரி, பெண்ணை விடுங்கள். காலனித் தெருவிலிருந்து யார்? "எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் ஆகாது" என்று புதுக் காவலருக்குச் சொல்லித்தரப் போகிறீர்கள். அந்தப் பகையை ஒரு தெருவிலிருந்து மட்டும் பார்த்துச் சொன்னால் அந்தப் பையன் எந்தத் தெருவுக்குப் போலீஸ் ஆவான்? கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம், அடக்கி ஒழியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான். ஊர்ப் பெரியவர் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் வேப்பமர நிழல் ஞாபகம் வருவதில்லை.

ஆற்றங்கரை_வாத்தியார்:
காலனியிலிருந்து ஒருவரைக் கேட்டோம் அம்மா. வரவில்லை.

மதுரை_மல்லி:
ஏன் என்று கேட்டீர்களா?

ஆற்றங்கரை_வாத்தியார்:
கேட்கவில்லை. தப்புதான். ஸ்டேஷன் வாசல் என்றதும் எழுந்துவிட்டார், நாங்களும் அடுத்த ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம்.

இரண்டாம்நிலை:
சர்வீசில் இருப்பவன். ஊர், பெயர் கேட்காதீர்கள்.

பயிற்சியில் டி.கே. பாசு வழக்கில், கைது செய்யும்போது போலீஸ் எப்படி நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 11 கட்டளைகளை மனப்பாடம் செய்தோம். வரிசை மாறாமல் சொல்வேன். ஸ்டேஷனுக்கு வந்த முதல் வாரம் ஒரு மூத்தவர் கேட்டார், ஒப்பித்தேன். சிரித்துவிட்டு, "அது பரீட்சைக்கு" என்றார். அடுத்த வாரம் நைட் டூட்டி. உள் அறையில் ஒருவரை வைத்திருந்தார்கள். எனக்குக் கொடுத்த வேலை டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பது. வேறு எதுவும் செய்யச் சொல்லவில்லை. பாட்டுச் சேனல். இப்போதும் வீட்டில் யாராவது சத்தத்தைக் கூட்டினால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே மூத்தவர்தான் பஸ் ஸ்டாண்டில் தொலைந்துபோன ஒரு குழந்தையோடு எப்படிப் பேசுவது என்று காட்டினார். பெயரைக் கேட்காதே, பயந்துவிடும், உன் வீட்டில் கோழி இருக்கிறதா என்று கேள் என்றார். குழந்தை ஒரு நிமிடத்தில் தெருப் பெயர் சொல்லிவிட்டது. எஸ்எஸ்ஐ ஐயா சொல்வதும் உண்மை, வக்கீல் மேடம் சொல்வதும் உண்மை. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தது, அதுதான் எனக்குக் குழப்பம்.

ஓய்வு_எஸ்எஸ்ஐ:
அந்த ஆள் உனக்கு அரிசியையும் கல்லையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். பொறுக்கி எடுக்கத் தெரிய வேண்டும் தம்பி.

கறுப்புக்கோட்டு:
21 வயதுப் பையன் பொறுக்க வேண்டுமாம்! 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்தாரே, அங்கே போனது ஸ்பெஷல் டீம். அதற்குப் பிறகுதான் அந்த மாதிரி டீம்களைக் கலைத்தார்கள். அந்த டீமில் இருந்தவர்களும் ஒரு காலத்தில் வரிசையாக நின்று உறுதிமொழி சொன்னவர்கள்தானே.

ஐயா, நேராகக் கேட்கிறேன். நீங்கள் ரைட்டராக இருந்திருக்கிறீர்கள். தப்பான எதையும் ஜி.டி.யில், ஸ்டேஷனின் அன்றாடக் குறிப்பேட்டில், எழுதியதே இல்லையா?

ஓய்வு_எஸ்எஸ்ஐ:
(இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். வேலை எதுவும் இல்லை. பதில் சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான்.)

எழுதியிருக்கிறேன். காலையில் எட்டு மணிக்குக் கொண்டுவந்த ஒருவருக்கு, மாலை ஆறு மணிக்குக் கைது என்று எழுதினேன். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் அல்லவா, அந்தக் கணக்கு ஆறு மணியிலிருந்து ஓடும். அந்தப் பத்து மணி நேரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஜாமீனில் போனார். ஆனால் எழுதினேன். எப்படி எழுதுவது என்று எனக்குச் சொல்லித்தந்தது, தண்ணீர் கொடு என்று சொன்ன அதே ஏட்டையா.

கறுப்புக்கோட்டு:
நன்றி ஐயா. இதை ஒத்துக்கொண்ட முதல் காவலர் நீங்கள். கோர்ட்டில் 20 வருடம் ஆகிறது எனக்கு.

வாத்தியார் சார், உங்களுக்கு ஒன்று. ஞாயிறு வகுப்பை விடுங்கள், சட்டத்திலேயே உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. டி.கே. பாசு தீர்ப்பு வந்த 1996இலிருந்தே இருக்கிறது, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 36ஆவது பிரிவு. ஒருவரைக் கைது செய்தால் அங்கேயே மெமோ எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ, அந்தப் பகுதியில் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மதிப்புக்குரியவர் என்றால் உங்களைப் போன்றவர்தான். நான் பார்த்த பல மெமோக்களில் அந்த இடத்தில் ஸ்டேஷனுக்கு டீ கொண்டுவருபவரின் கையெழுத்து இருக்கும். ஒரே ஆள், வேறு வேறு வழக்கு.

டி.எஸ்.பி., ஜமாத், சர்ச், காலனி, இரண்டு பெண்கள் என்று ஒரு பட்டியல் எழுதி, போன் நம்பரோடு ஸ்டேஷனிலும் எஸ்.பி. ஆபீசிலும் கொடுங்கள். தெருவில் எல்லா வீட்டுக்கும் அந்த நம்பர் தெரியட்டும். கைது என்றால் உங்களில் ஒருவரைக் கூப்பிடட்டும். ராத்திரி ஒரு மணிக்கும் போக வேண்டியிருக்கும்.

டல்லாஸ்_முருகேசன்:
பெரியவர்கள் வருவார்களா ராத்திரி ஒரு மணிக்கு? மைக் என்றால் வருவார்கள்.

ஆற்றங்கரை_வாத்தியார்:
கேட்டுவிட்டு வந்தேன். டி.எஸ்.பி. சிரித்தார். "சார், நாளைக்கு நான் அதே ஸ்டேஷனுக்குப் பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்குப் போகணும்" என்றார். வியாபாரி யோசித்துச் சொல்கிறேன் என்றார், அதாவது வரமாட்டார். ஜமாத்காரர் சரி என்றார். காலனியில் அந்த நபரைத் திரும்பப் போய்ப் பார்த்தேன், இந்தத் தடவை ஏன் வரவில்லை என்று கேட்டேன். அரைமணி நேரம் பேசினார். அது இங்கே எழுதும் விஷயம் இல்லை. அவருடைய மருமகள் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறார், ஊர்ச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். என்னையும் சேர்த்தால் மூன்று பேர்.

மதுரை_மல்லி:
மூன்று பேர் போதும் சார். ஆனால் உள்ளே விடுவார்களா?

இரண்டாம்நிலை:
விடமாட்டார்கள். பாராவில் நிற்பவன் நானாக இருந்தாலும் விடமாட்டேன். "ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், காலையில் வாங்க" என்று சொல்லத்தான் எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

ஓய்வு_எஸ்எஸ்ஐ:
வாத்தியார் சார், இதை நான் சொல்லித்தருகிறேன். "விசாரிக்க வந்தேன்", "பார்க்க வந்தேன்" என்று வாயைத் திறக்காதீர்கள், காலையில் வாங்க என்றுதான் பதில் வரும். "மெமோவில் சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். காத்திருக்கச் சொன்னால் சந்தோஷமாகக் காத்திருங்கள், ஆனால் வந்த நேரத்தை ஜி.டி.யில் ஏற்றச் சொல்லுங்கள். ரைட்டர் மாட்டேன் என்பார். சண்டை போடாதீர்கள். வாசலில் நின்றபடியே 100க்குப் போன் போட்டு, இன்ன ஸ்டேஷன் வாசலில் இன்ன காரியமாக நிற்கிறேன் என்று சொல்லுங்கள். அங்கே நேரத்தோடு பதிவாகிவிடும். அதற்கப்புறம் உள்ளே இருக்கும் ரைட்டருக்கு ஆறு மணி என்று எழுதக் கை வராது. எனக்கு வந்திருக்காது.

கூப்பிட்டால் முதல் தடவை நானும் கூட வருகிறேன். எந்த ஊர் என்று மட்டும் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.