இன்னாமைநோக்கும் கரவுகாணலும்: பெஸிமிசம், சினிசிசம் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பெஸிமிசம், சினிசிசம் ஆகிய இரண்டையும் 'அவநம்பிக்கை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம் என்று நேற்று இங்கே எழுதப்பட்ட கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. முதலாவது, நடக்கப்போவது நல்லதாக இராது என்ற எண்ணம். இரண்டாவது, நல்லது செய்பவனும் தன் ஆதாயத்துக்காகவே செய்கிறான் என்ற எண்ணம். விளைவைப் பற்றிய எண்ணத்தையும் பிறர் உள்ளத்தைப் பற்றிய எண்ணத்தையும் ஒரு சொல்லால் குறித்தால், எதன்மீது நம்பிக்கை இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் தனியே விளக்க வேண்டிவரும். அப்படி விளக்கம் கேட்கும் சொல் கலைச்சொல்லாக நிற்காது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபின், ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைத் தேடி எங்கள் மேற்குக் கடற்கரை ஊர்களின் மீனவர்களே தம் படகுகளில் புறப்பட்டார்கள். அப்போது ஓர் ஊரில் முதியவர் ஒருவர், "அவனுவள இனி கிட்டாது மக்ளே" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே டீசல் கேனைத் தோளில் ஏற்றித் தண்ணீருக்குள் இறங்கி நடந்தார். குருசடி என்னும் சிறு சிலுவைக் கோயிலின் படியில் உட்கார்ந்திருந்த இன்னொருவர், அரிசி மூட்டை கொண்டுவந்தவர்களைக் காட்டி, "எல்லாம் படம் புடிக்கதுக்கு வந்தவனுவ" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. வந்தவர்களுள் சிலர் மூட்டைகளை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்த பிறகே பங்கிடத் தொடங்கினார்கள். ஆனால் யாரும் பாராத நேரத்தில் ஒரு பையன் கிழவி ஒருத்தியின் தண்ணீர்க் குடத்தை வாங்கி வீடுவரை சுமந்ததைப் பார்த்தும், "அவனுக்கும் என்னவோ காரியம் இருக்கும்" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு வேறுபாடு பிடிபட்டது. முதியவருக்கு நல்ல முடிவில் நம்பிக்கை இல்லை. அதற்காக அவர் கரையில் நின்றுவிடவில்லை. படியில் இருந்தவருக்கு மனிதர்மீதே நம்பிக்கை இல்லை. இந்த இருவரையும் 'அவநம்பிக்கையாளர்' என்று நான் எப்படி எழுதுவது?

பெஸிமிசத்துக்கு 'இன்னாமைநோக்கு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிப்பதைக் காட்டி, 'இன்னாது அம்ம இவ்வுலகம்' என்கிறார். உலகின் இயல்பு துன்பமானது என்று சொல்வதற்கு இதைவிடப் பழைய, இதைவிட நேரான சொல் நம்மிடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவர் அடுத்த அடிகளிலேயே, இயல்பை உணர்ந்தவர்கள் இனியவற்றைக் காணட்டும் என்று திரும்பிவிடுகிறார் என்பது உண்மைதான். நாம் கடன் வாங்குவது சொல்லை மட்டுமே. முதலில் 'இன்னாநோக்கு' என்றுதான் எழுதிவைத்திருந்தேன். சென்னை நண்பர்களுக்கு 'இன்னா' என்றால் 'என்ன'. எங்கள் ஊரிலோ ஒரு பொருளைக் கையில் கொடுக்கும்போது 'இன்னா, பிடி' என்போம். இரண்டு கேலிக்கும் இடம் கொடாமல் 'மை' சேர்த்துவிட்டேன். மனநிலையைக் குறிக்க 'இன்னாமைநோக்கு' என்றும், செருமானியத் தத்துவஞானி ஷோப்பனாவர் போன்றவரின் தத்துவத்தைக் குறிக்க 'இன்னாமைவாதம்' என்றும் பிரித்துக்கொள்ளலாம். வாழ்வே துன்பம் என்று வாதிட்ட அந்த மனிதர்தாம் அறத்துக்கு அடிப்படை இரக்கம் என்றும் எழுதினார் என்பதை, இவ்விரு மனநிலைகளும் ஒன்றே என்பவர்கள் கவனிக்க வேண்டும்.

சினிசிசத்துக்கு 'ஞமலியம்' என்று ஒரு நண்பர் பரிந்துரைத்திருந்தார். 'ஞமலி' என்பது நாய்க்குப் பழந்தமிழ்ச் சொல். கிரேக்க மூலச் சொல்லுக்கு 'நாயைப் போன்ற' என்பது பொருள் என்ற அளவில் அது சரியே. ஆனால் அந்தப் பெயரைப் பெற்ற பழைய கிரேக்க சினிக் பள்ளியின் தத்துவஞானி, பெரிய மண்சாடிக்குள் குடியிருந்த தியோஜெனிசு, எளிமையே அறம் என்று நம்பி உடைமைகளைத் துறந்தவர். நம் மரபில் அவருக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கவர் பட்டினத்தார். அறம் என்ற ஒன்று உண்டு என்பதையே ஐயுறும் இன்றைய சினிக்குக்குத் தியோஜெனிசுக்குரிய அந்தப் பெயர் பொருந்தாது. செருமானியர் பழைய தத்துவத்தையும் இன்றைய மனநிலையையும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலால் பிரிக்கிறார்கள். பழைய பள்ளியை நாம் 'சினிக் பள்ளி' என்றே விட்டுவிடலாம்.

இன்றைய பொருளுக்கு நான் தேர்ந்தது 'கரவுகாணல்'. கரவு என்றால் உள்ளே மறைத்துவைத்த வஞ்சம். 'களவறிந்தார் நெஞ்சில் கரவு' என்பது குறள் 288. களவறிந்தவர் நெஞ்சுக்கு வள்ளுவர் சொன்ன கரவை, விதிவிலக்கின்றி எல்லார் நெஞ்சிலும் காண்பதே சினிசிசம். 'கரவுநோக்கு' என்று அமைத்தால், கரவைக் காணும் நோக்கா, கரவுள்ள நோக்கா என்ற மயக்கம் வருகிறது. 'ஐயுறவு' ஸ்கெப்டிசிசத்துக்கு ஏற்ற சொல். ஐயுறுபவர் சான்று காட்டினால் ஏற்பார், கரவுகாண்பவரோ அந்தச் சான்றைக் காட்டியவரின் நோக்கத்தைத் தேடத் தொடங்குவார். 'ஏளனவாதம்' என்பது பேச்சின் தொனியைத்தான் சொல்கிறது. ஏளனமே இல்லாமல், மிகுந்த மரியாதையோடு பேசும் கரவுகாண்பவர்களை நான் அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். ஆளைக் குறிக்கக் 'கரவுகாணி' என்ற குறுஞ்சொல் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் பேச்சிப்பாறை மலைப்பகுதிகளில் வாழும் காணி மக்களின் பெயர் அதற்குள் வந்துவிடுவதால், எங்கள் மாவட்டத்துக்காரன் எவனும் அதை எழுதக் கூசுவான். 'கரவுகாண்பவர்' என்றே நீட்டி எழுதுவோம்.

ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. தேர்தல் நாளில் நாகர்கோவில் தேநீர்க் கடையில், "யாரு வந்தாலும் நமக்கு ஒண்ணும் கிட்டாது" என்று ஒருவர் சொன்னால், அதை எந்தச் சொல்லின் கீழ் வைப்பது? ஒன்றும் மாறாது என்று அவர் கருதினால் அது இன்னாமைநோக்கு. வருகிறவன் எவனும் கள்ளன் என்று கருதினால் கரவுகாணல். வாக்கியத்தைக் கொண்டு மட்டும் என்னால் முடிவுசெய்ய இயலவில்லை. அரசியல் அறிவியல் கட்டுரைகளை மொழிபெயர்ப்பவர்கள், தங்களுக்கு வாய்த்த வாக்கியங்களில் இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.