அனிமே மேற்கு நாடுகளில் எப்போது பெரிதானது? போகிமானா, அகிராவா, அதற்கும் முன்னாடியா?

கெடிலக்கரையான் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கடலூர், கல்லூரியில் மூன்றாம் வருடம். 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் இன்ஃபினிட்டி கேஸில் படத்தைத் தமிழ் டப்பில் பார்க்க நாங்கள் ஐந்து பேர் பஸ் பிடித்துப் புதுச்சேரி போனோம். திரும்பும்போது பஸ்ஸில் ஆரம்பித்த சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜப்பானுக்கு வெளியே, மேற்கு நாடுகளில், ஜப்பான் கார்ட்டூனான அனிமே எப்போது எல்லார் வீட்டிலும் பார்க்கிற விஷயமானது? என் கணக்கு 1998, போகிமான் அமெரிக்க டிவிக்கு வந்த வருடம். ரூம்மேட் அகிரா படம்தான் என்கிறான். இன்னொருத்தன் லாக்டவுனுக்கு அப்புறம்தான் என்று அடித்துச் சொல்கிறான். யூடியூபில் தேடினால் ஆளுக்கொரு கதை, எல்லாமே அமெரிக்காவில் ஆரம்பித்து அமெரிக்காவிலேயே முடிகிறது. விவரம் தெரிந்தவர்கள் வருடத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

வைத்திக்குப்பம்_வாசகி:

தம்பி, மூன்று பேரும் அமெரிக்காவை மட்டும் வைத்தே சண்டை போடுகிறீர்கள். புதுச்சேரிக்காரி நான் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அனிமே மேற்கில் ஊர்ப் பேச்சானது முதலில் பிரான்ஸிலும் இத்தாலியிலும்தான், 1978-ல். உங்கள் போகிமானுக்கு இருபது வருடம் முன்னால்.

எங்கள் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு பாரிஸ் பக்கமே தங்கிவிட்டார். அவருடைய பிள்ளைகள், எனக்கு அண்ணன்மார், சின்ன வயசைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கோல்டோராக்கில்தான் ஆரம்பிப்பார்கள். ஜப்பானில் அதற்குக் கிரெண்டைசர் என்று பெயர், கோ நாகாய் உருவாக்கிய பெரிய ரோபோ. 1978 ஜூலை 3-ம் தேதி ஆன்டென் 2 சேனலில், குழந்தைகள் நிகழ்ச்சியில் வந்தது. அப்போது பிரான்ஸில் மொத்தமே மூன்று சேனல், அதனால் பிள்ளைகளுக்கு ஒன்று பிடித்துவிட்டால் அடுத்த நாள் பள்ளிக்கூடம் முழுக்க அதே பேச்சுதான். 1979 ஜனவரியில் பாரி மாட்ச் பத்திரிகை கோல்டோராக்கை அட்டையிலேயே போட்டது, அதுவும் பெரியவர்கள் படிக்கிற பத்திரிகை.

அதற்கப்புறம் 1987-லிருந்து 1997 வரை TF1 சேனலில் க்ளப் டொரோத்தே. டிராகன் பால், செயின்ட் செய்யா, செய்லர் மூன் எல்லாம் அதில்தான் வந்தன. எதிர்ப்பும் இருந்தது. ஜப்பான் கார்ட்டூன்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று செகோலேன் ரோயால் 1989-ல் ஒரு புத்தகமே எழுதினார், பின்னால் ஜனாதிபதி தேர்தலில் நின்ற அதே ரோயால்தான்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நான் எட்டு வயசாக இருந்தபோது அண்ணன்மார் ஆகஸ்ட் லீவுக்கு வரும்போது டிவியிலிருந்து பதிவு செய்த டிராகன் பால் கேசட்டுகளைக் கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டு டெக்கில் போட்டால் படம் கருப்பு வெள்ளையில் ஓடுகிறது. சத்தம் சரியாக இருக்கிறது, கலர் மட்டும் இல்லை. அப்பா ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைத்துப் பார்த்தார், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் டெக் ரிப்பேர் செய்கிறவர் வந்து கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பிரான்ஸ் செகாம், உங்களுது பால், படம் வரும், கலர் வராது" என்றார். அங்கேயும் இங்கேயும் கலர் டிவிக்கு வேறு வேறு முறை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த லீவு முழுக்க கருப்பு வெள்ளையிலேயே பார்த்தோம், எனக்குப் புரியாத பிரெஞ்சில், பெரிய அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்ல. டிராகன் பால் ஹீரோ கோகு போட்டிருப்பது நீலச் சட்டை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். க்ளேனா பதிப்பகம் 1993-லிருந்து டிராகன் பாலைப் புத்தகமாகப் போட ஆரம்பித்தது, அண்ணன் அதில் ஒன்றைக் கொண்டு வந்த பிறகுதான் அது ஆரஞ்சு என்று தெரிந்தது.

அன்றைக்குப் பார்த்த பிள்ளைகள்தான் இன்றைக்கு அங்கே அப்பா அம்மா. 2021-ல் பிரெஞ்சு அரசு 18 வயசுக்காரர்களுக்குப் புத்தகம், சினிமா மாதிரி விஷயங்களுக்காக 300 யூரோ கொடுத்தபோது அவ்வளவு பேர் மாங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ், வாங்கியதால் அதற்கு "மாங்கா பாஸ்" என்றே பெயர் வந்துவிட்டது.

லாஸ்பேட்டை_ரோபோ:

அக்கா சொன்னது சரி. அமெரிக்கா பக்கம் நான் சேர்க்கிறேன். அங்கேயும் 1963-லேயே அஸ்ட்ரோ பாய் வந்துவிட்டது, ஜப்பானில் ஒளிபரப்பான அதே வருடம். 1967-ல் ஸ்பீட் ரேசர். ஆனால் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது ஜப்பானிலிருந்து வந்தது என்றே தெரியாது. பெயரை மாற்றுவார்கள், காட்சியை வெட்டுவார்கள், கதையையே மாற்றுவார்கள்.

இதில் உச்சம் 1985-ல் வந்த ரோபோடெக். அங்கே வாரம் ஐந்து நாள் வீதம் பதின்மூன்று வாரம் ஓட்ட 65 எபிசோட் வேண்டும், கையில் இருந்த மேக்ராஸ் என்ற ஜப்பான் சீரியலில் இருந்ததோ 36. என்ன செய்தார்கள் தெரியுமா, சம்பந்தமே இல்லாத இன்னும் இரண்டு சீரியல்களைச் சேர்த்துத் தைத்து, மூன்று தலைமுறைக் கதை என்று 85 எபிசோடாக விட்டார்கள். தைத்த கார்ல் மேசெக் மேல் ரசிகர்கள் பலருக்கு இன்றும் கோபம் உண்டு, ஆனால் ஒரு தலைமுறை அதைப் பார்த்துத்தான் அனிமே பக்கமே வந்தது, அதனால் நான் அவரைத் திட்ட மாட்டேன்.

போகிமானிலும் அதேதான். ஹீரோ சதோஷி ஆஷ் ஆனான். அவன் நண்பன் ப்ராக் கையில் இருப்பது கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டை, கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது, ஆனால் ஆங்கில டப்பில் அதை ஜெல்லி டோனட் என்கிறான்! பார்க்கிற பிள்ளைக்குச் சோறு என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனாலும் தம்பி, அமெரிக்காவை மட்டும் எடுத்தால் 1998 என்ற உங்கள் கணக்கு தப்பில்லை. அந்த ஆகஸ்டில் டிராகன் பால் Z கார்ட்டூன் நெட்வொர்க்கின் டூனாமி நிகழ்ச்சிக்கு வந்தது, செப்டம்பரில் போகிமான். 1999-ல் முதல் போகிமான் படம் அமெரிக்கத் தியேட்டர்களில் மட்டும் 8 கோடி டாலருக்கு மேல் வசூல்.

கெடிலக்கரையான்:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். பிரான்ஸும் இத்தாலியும் ஏன் ஜப்பானிடம் போய் வாங்கின? பிடித்துப் போயா? அக்கா, அந்தக் கேசட்டுகள் இன்னும் இருக்கிறதா?

பாதிரிப்புலியூரான்:

விலைதான் காரணம் நண்பரே. இத்தாலியில் 1976-ல் அரசியல் சாசன நீதிமன்றம் உள்ளூர்த் தனியார் டிவிக்கு வழிவிட்டது. உடனே ஏகப்பட்ட குட்டிச் சேனல்கள். காலையிலிருந்து ராத்திரி வரை எதையாவது ஓட்டியாக வேண்டும், சொந்தமாக எடுக்கப் பணம் கிடையாது. ஜப்பானிடமோ ஐம்பது, எழுபது எபிசோட் முடிந்து தயாராக இருந்தது, அதுவும் மலிவாக. மலிவுக்கும் காரணம் உண்டு. அஸ்ட்ரோ பாயை உருவாக்கிய ஒசாமு தெசுகா அதை அடக்க விலைக்கும் கீழேதான் ஜப்பான் டிவிக்கே விற்றார், நஷ்டத்தைப் பொம்மையிலும் சாக்லேட் ஸ்டிக்கரிலும் ஈடுகட்டினார். ஒரு நொடிக்கு வரைகிற படங்களின் எண்ணிக்கையைக் குறைக்கிற முறையும் அதனால்தான் ஊன்றியது.

உங்கள் ரூம்மேட்டையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அகிரா பார்த்தவர்கள் எண்ணிக்கை போகிமானுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் 1988-ல் ஜப்பானில் வெளியாகி அப்புறம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கேசட்டாகச் சுற்றியபோதுதான், கார்ட்டூன் என்றால் பிள்ளைகளுக்கு மட்டும் என்ற நினைப்பு அங்கே உடைந்தது. 1996-ல் கோஸ்ட் இன் தி ஷெல் என்ற அனிமே படம் அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகையின் வீடியோ விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. லாக்டவுன் கட்சிக்காரரிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள், 2003-லேயே அனிமே இயக்குநர் மியாசாகியின் படம் ஆஸ்கர் வாங்கிவிட்டது.

வைத்திக்குப்பம்_வாசகி:

இருக்கிறது தம்பி, நான்கு கேசட். கடற்காற்றுக்கு இரண்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன, லேபிளில் பெரிய அண்ணன் கையெழுத்துகூட அழியவில்லை. புதுச்சேரியிலோ கடலூரிலோ செகாம் ஓடுகிற மல்டி சிஸ்டம் டெக் வேலை செய்கிற நிலையில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே நேரில் கேசட்டோடு வருகிறேன். அந்த இரண்டையும் ஒரு தடவை கலரில் பார்க்க வேண்டும்.