ஒரே மாடல் சைக்கிள் செயின், ஒண்ணு 4,000 கிமீ, இன்னொண்ணு 1,800 கிமீ: உங்க அனுபவம் சொல்லுங்க

சென்னை திருவான்மியூர்ல இருந்து காலைல சைக்கிள்ல கிளம்பி ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) கோவளம் வரைக்கும் போயிட்டு வர்றது மூணு வருஷமா பழக்கம். ஜனவரில போட்ட செயின் செப்டம்பர் வரைக்கும் காஞ்ச ரோட்டுலயே ஓடி 4,000 தாண்டுச்சு. அடுத்தது அக்டோபர்ல போட்டேன், அதே கம்பெனி அதே மாடல்தான், பொங்கலுக்கு முன்னாடியே 1,800ல முடிஞ்சிருச்சு.

மழை பெஞ்சா முட்டுக்காடு பக்கம் ரோட்டோரத்துல மணலும் தண்ணியும் கலந்து நிக்கும், சக்கரம் அதை அப்படியே வாரி செயின் மேல அடிக்கும், கூடவே உப்புக்காத்து வேற. நான் பண்ண தப்பு என்னன்னா வீட்டுக்கு வந்ததும் மேலாப்ல துணியால தொடச்சுட்டு அதுமேலயே எண்ணெய் ஊத்தினேன், அந்த எண்ணெய் மணலை உள்ள, கணுக்களைக் கோக்கற பின் (குட்டி ஆணி) வரைக்கும் கொண்டு போயிருச்சு. செயின் நீண்டுருச்சுன்னு சொல்றோமே, தகடு எல்லாம் இழுபடறது இல்ல, பின் தேய்ஞ்சு ஒவ்வொரு கணுவுலயும் துளி துளியா இடைவெளி கூடறதுதான். புது செயின்ல 24 கணு சரியா 12 இன்ச், அதாவது 304.8 மில்லிமீட்டர். அதுல ஒன்றரை மில்லிமீட்டர் கூடினாலே 0.5 சதவீதம், பின்னாடி 11 பல்சக்கரம் இருக்கற 11 ஸ்பீடு சைக்கிளுக்கு அப்பவே மாத்திடணும். நான் பாக்கும்போது 0.75ஐயும் தாண்டியிருந்துச்சு. புது செயின் போட்டு எந்திரிச்சு நின்னு மிதிச்சா பின்னாடி பல்லுல டக்கு டக்குனு ஸ்லிப் ஆகுது, கடைசில கேசட்டும் (பின் சக்கரத்துல இருக்கற பல்சக்கர அடுக்கு) மாத்த வேண்டியதாப் போச்சு. செயினை மட்டும் நேரத்துக்கு மாத்தியிருந்தா அந்தக் காசு மிச்சம், அது இன்னும் மனசுல உறுத்துது.

அண்ணா, நான் தஞ்சாவூர் பக்கம். எங்கப்பா கறுப்பு சைக்கிள்ல தெனமும் வயலுக்குப் போவாரு, சேறு புழுதி எல்லாத்துலயும்தான். எனக்குத் தெரிஞ்சு ரெண்டே ரெண்டு தடவை செயின் மாத்தினாரு. முழுசா மூடின செயின் கவர், ஒரே கியர்ங்கறதால செயின் கோணாம நேரா ஓடும், செயினும் நல்ல தடிமன். நம்ம கியர் சைக்கிள்ல எல்லாம் திறந்து கெடக்கு, அதுதான் பெரிய வித்தியாசம்னு நெனக்கிறேன். போன மாசம் என் சைக்கிளை சர்வீஸ்ல பிரஷர் பம்ப் வச்சு தண்ணி அடிச்சு கழுவினாங்க, ரெண்டு வாரத்துல பெடல் அச்சு பேரிங்ல கரகரன்னு சத்தம். இப்போ பக்கெட் தண்ணியும் பிரஷ்ஷும்தான்.

ப்ரோ, நாமக்கல்ல இருந்து. கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவு மாசம் ரெண்டு தடவை ஏறுவேன். இங்க மழையை விட புழுதிதான் பிரச்சனை. வெயில் காலத்துலயும் கெட்டியான மழைக்கால எண்ணெயைப் போட்டுட்டு இருந்தேன், புழுதி ஒட்டி மை மாதிரி ஆயிரும். அதோட முன்னாடி பெரிய பல்லு பின்னாடியும் பெரிய பல்லுன்னு செயினை குறுக்கால இழுத்துகிட்டே ஏறுவேன். இப்போ மலை அடிவாரத்துலயே முன்னாடி சின்னதுக்கு எறக்கிட்டு, லேசா வேகமா மிதிக்கறேன். எண்ணெய்க்கு பதிலா மெழுகு, கையில தொட்டாகூட கறை இல்ல. ஈசிஆருக்கும் மெழுகு சரிப்படுமா ப்ரோ?

போஸ்ட் போட்டவன்தான் பேசறேன். மெழுகு காஞ்ச மாசத்துல சூப்பரா இருக்கும் ப்ரோ, நான் பிப்ரவரில ஆரம்பிச்சேன். முதல்ல செயினைக் கழட்டி மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டு பழைய பிசுக்கு சுத்தமா போகணும், இல்லேன்னா மெழுகு ஒட்டாது. மெழுகை நேரா அடுப்புல வைக்காதீங்க, தீப்பிடிச்சிரும், தண்ணி பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வச்சுதான் உருக்கணும். ஆனா ஒரு நல்ல மழைல நனைஞ்சா மெழுகு போயிரும், இங்க உப்புக்காத்துல மறுநாள் காலைலயே துரு தெரியும். அதனால ஐப்பசி கார்த்திகைக்கு மட்டும் பழைய செயின் ஒண்ணு எண்ணெயோட தனியா வச்சிருக்கேன், நனைஞ்சு வந்த அன்னிக்கே நல்ல தண்ணில கழுவி, காயவச்சு, அப்புறம்தான் எண்ணெய்.