‘ஓடை லைன் வீடுகள்’ குரூப்: புதன் சாயங்காலத்துல இருந்து

(குன்னூர். பேர்கள் என் போனில் சேமித்தபடியே இருக்கின்றன. குட்மார்னிங் பூப்படங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.)

மாலை 4:52

கீழ்வீட்டு அக்கா: எங்க கொல்லைக்கு மேல இருக்கற சுவர் வயிறு தள்ளிட்டு நிக்குது. யாராச்சும் வந்து பாருங்களேன்

கீழ்வீட்டு அக்கா: 📷 போட்டோ

காலேஜ் தம்பி: அது எப்பவும் அப்படித்தானக்கா இருக்கும்

கீழ்வீட்டு அக்கா: இல்ல தம்பி. துணிக் கம்பிக்கும் சுவத்துக்கும் நடுவுல கை நுழையும். இன்னிக்கு நுழையல

ஜீப் அண்ணா: மூணு நாளா விடாத மழை. வண்டிச்சோலைகிட்ட மரம் விழுந்து ஒரு மணி நேரம் நின்னுட்டு இப்பத்தான் வர்றேன்

காட்டேஜ் சார்: வணக்கம். நான் கோவையில இருக்கேன். அது என் காட்டேஜுக்குப் போன வருஷம் கட்டின சுவருங்க, ஆறு லட்சம் ஆச்சு, கம்பி போட்ட கான்கிரீட். பயப்பட வேண்டாம்

ரயில்வே தாத்தா: சார், தண்ணி வெளிய போக எத்தன ஓட்டை விட்டீங்க

காட்டேஜ் சார்: பதினாலு இருந்துச்சுங்க ஐயா. இப்ப இல்ல. அடைச்சுட்டோம்

ரயில்வே தாத்தா: அடைச்சீங்களா. ஏன்

கீழ்வீட்டு அக்கா: நான்தான் தாத்தா அடைக்கச் சொன்னேன். சேத்துத் தண்ணியா கொல்லை பூரா வழிஞ்சுது. குழந்தை வழுக்கி வழுக்கி விழுந்தா

(இதுக்கப்புறம் எட்டு நிமிஷம் யாரும் எதுவும் போடல. ‘டைப் செய்கிறார்’ மட்டும் வந்து வந்து போச்சு. தாத்தா ஒத்தை விரல்ல அடிக்கறவர்.)

ரயில்வே தாத்தா: யாரையும் குத்தம் சொல்லல, கேளுங்க. நம்ம மலையில மேல செம்மண்ணு. அதுக்குக் கீழ வழவழன்னு களி. அதுக்கும் கீழதான் பாறை. மழைத் தண்ணி செம்மண்ணுல சுளுவா இறங்கிடும், களிகிட்ட வந்து நின்னுக்கும். மண்ணு கனக்கும், பிடிப்பு விட்டுப்போகும். சுவரு மண்ணைத் தாங்கும், பின்னால தேங்கற தண்ணியைத் தாங்காது. ரயில் பாதையில வேலை பாக்கறப்ப மழைக்கு முன்னாடி நாங்க முதல்ல பாக்கறது தண்டவாளம் இல்ல, ஓரத்துக் கால்வா. ஹில்குரோவ்ல இருந்து ரன்னிமேடு வரைக்கும் மம்முட்டியோட நடப்போம். ஒரு கூடை சருகு போதும், தண்ணி வழி மாறிடும்

ரயில்வே தாத்தா: 2009 நவம்பர்ல கேத்தியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர். மாவட்டத்துல நாப்பது பேருக்கு மேல போய்ட்டாங்க. ரயில் மாசக்கணக்கா ஓடல. அதுக்கு முன்ன 1993, மரப்பாலம் மண்சரிவு. அதுவும் நவம்பர்

காலேஜ் தம்பி: அவலாஞ்சியில 2019 ஆகஸ்ட்ல ஒரு நாள் 82, மறுநாள் 91 பெஞ்சுதே தாத்தா. அங்க இவ்ளோ பேர் சாகலயே

ரயில்வே தாத்தா: அங்கயும் மண்ணு சரிஞ்சுது கண்ணு. சரியற வழியில வீடு கம்மி

காட்டேஜ் சார்: ஐயா, எல்லா பர்மிஷனும் வாங்கித்தான் கட்டினேன். 7 மீட்டர் உயரத்தைத் தாண்டல

ரயில்வே தாத்தா: உயரத்தை அளந்தாங்க, சரி. நம்ம லைனுக்கு ஓடை லைன்னு ஏன் பேரு வந்துச்சு? அந்த ஓடை எங்க சார்?

ஜீப் அண்ணா: பார்க்கிங்குக்கு அடியில 😐

மாலை 5:31

காலேஜ் தம்பி: மேல போய்ப் பாத்தேன். பார்க்கிங் கல்லுல விரிசல் ஓடுது. என் குடை நீளத்துக்கு மேல. நானும் ஃப்ரெண்டும் கடப்பாறையோட போய் ஓட்டையைத் திறந்து விட்டுடறோம்

ரயில்வே தாத்தா: வேண்டாம். சுவருக்குக் கீழ ஒருத்தனும் நிக்கக் கூடாது. இருட்டுல, மழையில, உப்பின சுவத்துல கடப்பாறை போடறவனை நான் பாதையில அடிச்சிருக்கேன்

டீச்சர் அக்கா: பேரிடர் உதவி நம்பர் 1077க்கு அடிச்சுட்டேன். கீழ்வீடு, அதுக்குப் பக்கத்து ரெண்டு வீடு, காட்டேஜோட விளிம்பு ரூம் எல்லாத்தையும் காலி பண்ணச் சொல்றாங்க. விஏஓவும் ஃபயர் சர்வீசும் வர்றாங்க. எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க, எங்க பக்கம் பாறை

காட்டேஜ் சார்: விளிம்பு ரூம்ல சென்னை கெஸ்ட் இருக்காங்க. நாளைக்கு வரைக்கும் பணம் கட்டியிருக்காங்க

டீச்சர் அக்கா: சார், வயநாட்டுல முண்டக்கைக்கு மண்ணு வந்தது ராத்திரித் தூக்கத்துல. 2024 ஜூலை 30. பணத்தைத் திருப்பிக் குடுத்துடலாம்

காட்டேஜ் சார்: சரிங்க. வாட்ச்மேனுக்குச் சொல்லிட்டேன். கெஸ்ட்டை மார்க்கெட் பக்கம் லாட்ஜுக்கு மாத்தறோம்

சித்தப்பா: ‼️ இன்று இரவு எல்லா அணையும் திறப்பு, மலையே சரியும், பத்து பேருக்கு அனுப்பவும் ‼️

டீச்சர் அக்கா: அண்ணா அதை அழிங்க

சித்தப்பா: 🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

ஜீப் அண்ணா: ஆனா சரிவு வரும்னு முன்னாடியே சொல்ற கவர்மென்ட் அறிக்கை ஒண்ணு வருதுல்ல டீச்சர்

டீச்சர் அக்கா: ஆமா, ஜிஎஸ்ஐ, அதான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, 2024ல இருந்து நீலகிரிக்குக் குடுக்கறாங்க. தாலுகா கணக்குல வரும். துணிக் கம்பிக்கு நடுவுல கை நுழையலன்னு அதுல வராது

கீழ்வீட்டு அக்கா: அத்தை வரமாட்டேங்கறாங்க. கோழியை விட்டுட்டு வர முடியாதாம்

ஜீப் அண்ணா: கோழியும் வரட்டும். எத்தன?

கீழ்வீட்டு அக்கா: நாலு

ரயில்வே தாத்தா: காலி பண்றப்ப கதவு இழுக்குதான்னு பாருங்க. சட்டம் கோணினா கதவு சாத்தாது. அதோட, ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்கினாலும் நின்னுபோனாலும் உடனே சொல்லணும். நின்னுதேன்னு சந்தோஷப்படாதீங்க

நான்: தாத்தா, ஒண்ணு சொல்லணும். எங்க கூரைத் தண்ணிக் குழாயும் அந்தச் சரிவுலதான் விழுது. போன வருஷம் நாங்கதான் திருப்பி விட்டோம். வாசல்ல தேங்குதுன்னு

ரயில்வே தாத்தா: தெரியும் கண்ணு. உங்க வீடு மட்டுமா? பதினோரு வீட்டுல ஏழு வீட்டுக் கூரைத் தண்ணி அங்கதான். குளிக்கற தண்ணி, பாத்திரம் கழுவற தண்ணி எல்லாம் அங்கதான். மேல நின்ன சீகை, கற்பூர மரத்தை வெட்டினதும் நாமதான், வேற ஒண்ணும் நடல. மழை வருஷத்துல கொஞ்ச நாள் பெய்யுது. நாம தினமும் பெய்யறோம்

காலேஜ் தம்பி: 😂 தாத்தா!

ரயில்வே தாத்தா: என்னடா சிரிப்பு

இரவு 7:40

ஜீப் அண்ணா: எல்லாரும் ஏறியாச்சு. விரிசல் மேல படுதா போட்டு ஓரத்துல கல்லு வெச்சுட்டோம், மழை நேரா உள்ள இறங்காது. உங்க வீட்டுக் குழாயையும் ரோட்டுக் கால்வாக்குத் திருப்பியாச்சு, சைக்கிள் டியூப் வெச்சுக் கட்டியிருக்கோம். காலையில நல்லாப் போட்டுக்கோங்க

நான்: நன்றிங்கண்ணா. வர்க்கி ரெண்டு பாக்கெட் இருக்கு, கொண்டு வர்றேன்

காட்டேஜ் சார்: நான் காலையில முதல் பஸ்ல வர்றேன். யாராச்சும் சுவரைப் பாத்துட்டே இருக்கீங்களா

ரயில்வே தாத்தா: தூரத்துல இருந்து டார்ச் அடிச்சுப் பாக்கறேன். எனக்கு எப்பவும் தூக்கம் வராது

வியாழன் காலை 11:15

டீச்சர் அக்கா: இன்ஜினியர் வந்துட்டார். சுவர் நிக்குது. பக்கவாட்டுல நின்னு ரெண்டு ஓட்டை டிரில் பண்ணாங்க. டீ நிறத்துல தண்ணி பீச்சி அடிச்சுது. இன்னும் நிக்கல

காலேஜ் தம்பி: 🎥 வீடியோ

கீழ்வீட்டு அக்கா: அய்யோ, இவ்வளவா

காட்டேஜ் சார்: பாத்துட்டேன். எனக்கே உள்ளங்கை வேர்த்துடுச்சு. சுவரைக் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு, பின்னால ஜல்லி நிரப்பிக் கட்டணுமாம். ஓட்டையில வர்ற தண்ணிக்கு அடியில ஒரு கால்வா போட்டா அக்கா கொல்லையில சேறு வராதாம். அதை அப்பவே போட்டிருக்கலாம். பார்க்கிங்கைப் பேத்து ஓடையைத் திறக்கறதைப் பத்தித்தான் யோசிக்கறேன், வண்டி எங்க நிறுத்தறது

ஜீப் அண்ணா: என் ஸ்டாண்டுல ரெண்டு வண்டி நிக்கும் சார். வாடகை பேசிக்கலாம்

காட்டேஜ் சார்: நேத்து கோழிக்கு வாடகை வாங்கலயே 😀

ரயில்வே தாத்தா: ஞாயித்துக்கிழமை ஏழு வீட்டுக் குழாயும் திருப்பணும். மம்முட்டி வெச்சிருக்கறவங்க பேர் போடுங்க

சித்தப்பா: 1. நான்

நான்: 2. எங்க வீடு

டீச்சர் அக்கா: 3. என்கிட்ட களைக்கொத்துதான் இருக்கு. அப்புறம், கோழி ஒண்ணு எங்க ஷூ ரேக்குல முட்டை போட்டிருக்கு. இது யாருக்குச் சேரும்?